பிள்ளைகள் இருக்கிற வீட்டு ஹாலும் அழகாக இருக்கலாம்

"பிள்ளைங்க பெரிசாகட்டும், அப்புறம் வீட்டைப் பாத்துக்கலாம்" என்று மாமியாரும் சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் பெரிசாகும் வரைக்கும் நாங்களும் அதே ஹாலில்தானே உட்காருகிறோம், வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கிறோம், பிள்ளைகள் தூங்கின பிறகு நானும் அவரும் அங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இடம் பெரியவர்கள் மனசுக்கும் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே கிடையாது.

பெரும்பாலான ஹால்கள் பால்வாடி மாதிரி தெரிவதற்குக் காரணம் நிறம்தான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, மஞ்சள் கூடை, நீல ஃபோம் பாய், சுவரில் கார்ட்டூன் ஸ்டிக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணைப் பறிக்கும். பொம்மைகளைக் குறைக்க வேண்டாம், கண்ணில் படுவதைக் குறைத்தால் போதும். வெளியே இருந்துதான் ஆக வேண்டும் என்றால் சன்னபட்டணா மரப் பொம்மைகளை வையுங்கள், அரக்குப் பூச்சோடு பார்க்கவே லட்சணமாக இருக்கும்.

மற்றதையெல்லாம் வைக்க ஜன்னல் ஓரமாக ஒரு கல் பெஞ்ச் கட்டினோம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. ஏற்றுமதியாகும் பாரடைசோ கிரானைட் நம்ம பக்கத்துக் கல்தான். சமையல் மேடைக்கு வெட்டியது போக மிஞ்சின துண்டுகளைப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். ஒன்றேகால் அடி உயரத்துக்குச் செங்கல் தாங்கி எழுப்பி, மேலே ஊதா கலந்த சாம்பல் கல்லை வைத்து, கீழே இருக்கிற அறைகளில் மூங்கில் கூடைகள். மூடி போட்ட பெட்டி வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும். கூடையைச் சின்னவளே இழுத்து எடுக்கிறாள், அவளே திரும்பத் தள்ளியும் விடுகிறாள். ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: விளிம்பு முழுக்க உருட்டி, மூலையை வட்டமாக வெட்டித் தர வேண்டும். ஓடி வருகிற குழந்தை தடுக்கி விழுந்தால் நெற்றி அந்த விளிம்பில்தான் இடிக்கும்.

அடுத்து வெளிச்சம். செலவு குறைவு, மாற்றம் அதிகம். நம் வீடுகளில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). சாயங்காலத்துக்கு 3000 கெல்வின் பல்பு ரெண்டு, ஒன்று சோஃபா பக்கம், ஒன்று பெஞ்ச் மேலே போட்டுப் பாருங்கள், அதே ஹாலா என்று கேட்பீர்கள். வீட்டுப்பாடம் எழுதுகிற இடத்தில் மட்டும் வெள்ளை லைட் இருக்கட்டும்.

சுவரில் தரையிலிருந்து மூன்றரை அடி வரை ஆழ்ந்த பச்சை, அதற்கு மேலே அரை வெள்ளை. பழைய பங்களாக்களிலும் ஆபீஸ்களிலும் பார்த்திருப்பீர்கள். கழுவக்கூடிய எமல்ஷன் என்று கேட்டு வாங்கினால் கைத் தடம் ஈரத் துணியிலேயே போய்விடும். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மூத்தவன் வரைந்த ஒரே ஒரு படம், கருப்பு மரச் சட்டத்தில், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்டு.

நம்ம ஊரில் மாம்பழ சீசனைத் தாங்காத சோஃபா சோஃபாவே இல்லை. ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற கெட்டிப் பருத்தி உறை, அடர் நிறத்தில். ஃபோம் பாய்க்குப் பதில் பவானி ஜமுக்காளம். விரித்தால் ஹாலே நிறைந்துவிடும், அழுக்கானால் துவைத்துக் காயப்போடலாம்.

செடி கட்டாயம் வேண்டும், ஆனால் மணி பிளாண்ட், பெரிய இலையில் வெளிறிய புள்ளிகள் இருக்கிற டைஃபன்பாக்கியா இரண்டையும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தரையில் வைக்க அரிக்கா பாம் நல்லது. அப்புறம் உயரமான புத்தக அலமாரி வாங்கினால், அடுக்குவதற்கு முன்னாடியே எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கிவிடுங்கள், பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். வாடகை வீடாக இருந்தாலும் ஓனரிடம் கேட்டு அந்த ரெண்டு துளையைப் போட்டே தீருங்கள்.