ஊர்க்கார அம்மா

"அந்த ஊர்க்கார அம்மாவுக்கு முதல்ல பருப்பக் கட்டிக் கொடு, ரொம்ப நேரமா நிக்கிறாங்க." மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் தம் கடைப்பையனிடம் கனிவோடு சொன்ன சொல் இது. நான் காத்து நிற்பதைக் கவனித்து, என்னை முன்னே அனுப்பிய நல்ல மனிதர் அவர். ஆனாலும் பருப்பையும் மிளகாய்த்தூளையும் வாங்கிக்கொண்டு எங்கள் குடியிருப்புப் பகுதியான தாமான் வரை நடந்து வந்த அந்தக் கால் மணி நேரமும் அந்த ஒரு சொல், செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல என்னை உறுத்திக்கொண்டே வந்தது. நான் மணமாகி இந்த ஊருக்கு வந்து அன்றோடு மூன்று ஆண்டுகள் முடிந்திருந்தன.

நான் பிறந்து வளர்ந்த, தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துப் பக்கம் 'ஊர்க்காரர்' என்பது உறவுக்கு அடுத்த சொல். சென்னையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், "நம்ம ஊர்க்காரரா நீங்க?" என்று கேட்டு, பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவோம். மலேசியத் தமிழர் வாயில் அதே சொல் தலைகீழாக நிற்கிறது. இங்கே 'ஊர்' என்றால் இந்தியா; 'ஊர்க்காரர்' என்றால் அங்கிருந்து வந்தவர், இங்கே பிறக்காதவர். ஒரே மொழியில், ஒரே எழுத்தில், நம்மவர் என்று பொருள்பட்ட சொல் கடல் கடந்ததும் வெளியார் என்று பொருள்படுவதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மற்றபடி நான் இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரப்பரைக் குறிக்கும் பால் மரம், வெட்டுக்கத்தி, மங்கு, ஒட்டுப்பால், பெரட்டுக் களம் என்று மாமியார் பேசும் பழைய தோட்டத்துச் சொற்கள் இப்போது எனக்குப் புரிகின்றன. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மீன் விலையை மலாயில் கேட்கத் தெரியும். என் கணவர் வேலை செய்யும் எண்ணெய் ஆலையின் வாடை காற்றில் வந்தால் மழை வரும் திசையைக்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் சாலையின் இருபுறமும் வரிசை பிசகாமல் நிற்கும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளைக் காணும்போது மட்டும் மனம் சொல்பேச்சுக் கேட்பதில்லை. தேரிக்காட்டுச் செம்மணலில் வரிசையே இல்லாமல் ஓங்கி நிற்கும் எங்கள் பனைகளும், விடியற்காலையில் அப்பா வாங்கி வரும் பதநீரும், காய்ச்சும் கருப்பட்டியின் மணமும், கிட்டத்தட்ட 190 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். இங்கே ஞாயிறு ஆராதனை எட்டரை மணிக்குத் தொடங்கும்போது அங்கே மணி ஆறு. முதல் கீர்த்தனைக்கு எழுந்து நிற்கும் ஒவ்வொரு வாரமும், அம்மா இப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்காமல் நான் வாய் திறந்ததில்லை.

சபையில் முதல் வாரமே எல்லோரும் சிரிக்க நேர்ந்தது. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். அந்தப் பழக்கத்தில் "ஐயர் வந்துவிட்டாரா?" என்று நான் கேட்டதும், வாசலில் நின்ற இரண்டு பெண்கள் கோயில் குருக்கள் யாரோ வந்திருக்கிறார் என்று எண்ணிச் சாலையை எட்டிப் பார்த்தார்கள். பாஸ்டருடைய மனைவிக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அந்தக் கையின் சூட்டை நான் மறக்கவில்லை.

ஆனால் அதே சபையில்தான், மளிகைக்கடை நிகழ்ச்சி நடந்து சில வாரங்களில், நன்றி செலுத்தும் பண்டிகைச் சமையலைப் பற்றிக் கூடிப் பேசியபோது, நூறு பேருக்குச் சோறு வடிக்க நான் வருகிறேன் என்று எழுந்து சொன்னேன். ஆலயத்து அசன விருந்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். விறகு அடுப்பின் முன் நின்று கஞ்சி வடிக்கும் பெண்களின் நடுவே விளையாடியவள். ஒரு மூத்த சகோதரி அன்போடுதான் மறுத்தார்: "இல்லம்மா, ஊர்க்காரங்களுக்கு எதுக்குச் சிரமம், நம்ம பிள்ளைங்க பாத்துக்குவாங்க." நம்ம பிள்ளைகள் என்ற வட்டத்துக்கு வெளியே நான் இருந்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

அன்றிரவு வேதாகமத்தை எடுத்தபோது, அறிவுரை தேடி நான் அதைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயுதம் தேடித் திறந்தேன். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், உங்களிடத்தில் தங்கும் அந்நியனைச் சுதேசியைப்போல எண்ணுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று கட்டளையிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த வசனத்தை நான் வாசிக்க வேண்டும், எல்லோரும் தலைகுனிய வேண்டும் என்று திட்டமிட்டேன். இரண்டு முறை, மூன்று முறை வாசித்த பிறகே ஒன்று புலப்பட்டது. அந்தக் கட்டளை அந்நியனிடம் கொடுக்கப்படவில்லை, வீட்டுக்காரனிடம் கொடுக்கப்பட்டது. தனக்குச் சேர வேண்டிய அன்பைக் கணக்குப் பார்த்து வசூலிக்கும் அதிகாரத்தை அது எனக்குத் தரவில்லை. அப்படியானால் எனக்குரிய வசனம் எது என்ற கேள்வி பல மாதங்கள் என்னோடு சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் இருந்தது. யாக்கோபின் நிருபத்தில் உள்ள "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்ற வரியை மட்டும் அப்போதைக்குப் பிடித்துக்கொண்டேன்.

ரூத்தின் புத்தகத்தை அதன் பின் வேறு கண்களோடு வாசித்தேன். கல்யாண வீடுகளில் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று நாம் வாசித்து மகிழ்கிற அந்தப் பெண், பெத்லகேமுக்கு வந்த பிறகும் மோவாபியப் பெண் என்றே மீண்டும் மீண்டும் குறிப்பிடப்படுகிறாள். கதிர் பொறுக்கப் போகும்போதும் மோவாபியப் பெண். வேலைக்காரன் அவளை அறிமுகப்படுத்தும்போதும் மோவாபியப் பெண். நான்காம் அதிகாரத்தில், அவளை மணக்கப் போகிற போவாஸ் பட்டணத்து வாசலில் சாட்சிகளின் முன்னே பேசும்போதும் மோவாபியப் பெண். அவளும் ஒரு ஊர்க்கார அம்மாதான். அந்தப் பெயரை எதிர்த்து அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக எழுதப்படவில்லை. காலையில் எழுந்து வயலுக்குப் போனாள்; பொறுக்கியதைத் தட்டி எடுத்து, தான் சாப்பிட்டு மீந்ததை மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முடிவில் அந்த ஊர்ப் பெண்களே மாமியார் நகோமியிடம், ஏழு குமாரரைப் பார்க்கிலும் உனக்கு அருமையான மருமகள் என்று சொல்கிறார்கள். அவளது அன்றாட வேலை, பெயரை மாற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதுதான் எனக்கு மிகவும் கடினமான பாடமாக இருந்தது. ஏனெனில் நான் எதைச் செய்தாலும், யாராவது என்னை வேறு பெயரிட்டு அழைக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே செய்துவந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. இரண்டே வருடம், பிறகு ஊரிலேயே இருந்துவிடலாம் என்று மணமான புதிதில் நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கில் நான் ஒரு செடிகூட நடாமல் இருந்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களைப் பற்றியும் அனனியா என்பவன் இரண்டு வருடம் என்றுதான் சொன்னான். தீர்க்கதரிசி எரேமியா அவர்களுக்கு எழுதிய நிருபமோ எழுபது வருடம் என்றது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்றது. அதை வாசித்த வாரத்தில் பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினேன். தாமானில் எல்லா இனத்தவரும் சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் நாளில், சன்னலிலிருந்து பார்ப்பதை விட்டு மண்வெட்டியோடு இறங்கினேன்.

கைப்பிடி அரிசியும் அந்நாட்களில்தான் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மைலோ டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் ஒரு பிடி போட்ட முதல் நாள், அம்மாவின் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது என்றால் மிகையில்லை. இங்குள்ள சபையில் அந்த வழக்கம் இல்லாததால், மாதக் கடைசியில் டின்னைத் தூக்கிக்கொண்டு, மூன்று வீடு தள்ளித் தனியாக வசிக்கும் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்பதால், சபையில் யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டி வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டுமானால் தானும் ஏதாவது தருவேன் என்றார். ஒரு மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்த பிறகே டின்னைத் தொட்டார். அதிலிருந்து மாதந்தோறும் அரிசியும் கிழங்குமாக எங்கள் கொடுக்கல் வாங்கல் தொடர்ந்தது. ஒருநாள், மனத்தில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை அவரிடம் கேட்டேவிட்டேன்: நாம் எல்லோரும் தமிழர், ஒரே சபை, பிறகு ஏன் பாட்டி என்னை ஊர்க்காரர் என்கிறார்கள்?

"ஒனக்கு ஊருன்னு ஒன்னு இருக்குல்ல தாயி, அதான்" என்றார் பாட்டி. "எங்களுக்குத் தோட்டந்தான் ஊரு. அது போயி எத்தன வருசமாச்சு."

பிறகு அவராகவே நிதானமாகச் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, பதின்மூன்று வயதில் பால் வெட்டப் போனவர். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன், துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டி வாங்குவதற்குத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரும் அவர்தான். பாட்டியின் தோட்டம் அப்படிக் காப்பாற்றப்பட்டவற்றுள் ஒன்றாக அமையவில்லை. பால் மரங்களை வெட்டினார்கள், செம்பனை வந்தது. பிறகு ஒரு பகுதி வீடுகளானது. லயமும், பலகையால் கட்டிய சிறிய ஜெபக்கூடமும் இருந்த இடத்தில் இப்போது யாருடைய வரவேற்பறையோ இருக்கிறது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த கணவனோடு பாட்டியின் அக்கா பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். அக்காவும் இங்கே பிறந்தவர்தான். கண்ணால் கண்டிராத 'ஊருக்கு'த் திரும்பினார்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது என்று கணவர் ஒருமுறை என்னை அழைத்துப்போய்க் காட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது, செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அவற்றுக்காக மனிதர்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். இத்தனை காலமாக நான் சுமந்துகொண்டிருந்த மனத்தாங்கலை, எண்ணெய் போட்டு வாரிய நரைத்த தலையோடு என் முன்னே உட்கார்ந்திருந்த அந்த மனுஷியின் முன் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இங்குள்ளவர்கள் வாயில் 'ஊர்' என்ற அந்தச் சொல்லில் எத்தனை ஏக்கம் இருந்தது என்பதை ஒருமுறையாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் புரிந்திருக்கும். கேட்கிறதற்குத் தீவிரமாய் இருப்பதாக எண்ணிக்கொண்டு, என் காயத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவ்வாண்டு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பாட்டியின் பெற்றோர் கல்லறையைச் சுத்தம் செய்ய அவரோடு போனேன். செம்பனைகளுக்கு நடுவே, லோரிப் பாதையிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். முப்பது நாற்பது மேடுகள். பாதிக்குச் சிலுவை இல்லை. "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்" என்று ஏத்தின் புத்திரரிடம் சொல்லி, ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய நிலமும் சாராளுக்கான கல்லறைதானே. வாக்குத்தத்தம் பெற்றவனுக்குச் சொந்தமாக இருந்தது அவ்வளவு நிலம்தான். நான் புல்லை வெட்டினேன், பாட்டி சுண்ணாம்பு பூசினார். எங்கள் ஊரில் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பாடுவோம் என்று நான் சொல்ல, அங்கேயே அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். அரைகுறை நினைவில் பாடினேன். இரண்டாம் சரணத்தில் அவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு வேறு ராகம் தெரிந்திருந்தது.

திரும்பி வந்ததும் பாட்டி அலமாரியிலிருந்து ஒரு பழைய வான்கடித உறையை எடுத்தார். அக்காவிடமிருந்து கடைசியாக வந்தது அதுதானாம். இலால்குடிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சிற்றூர். மடிப்பில் மை கரைந்து, ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் போய்விட்டிருந்தன. நான் டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, திருச்சியில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று. உறையில் இருந்ததை அப்படியே, கரைந்த எழுத்துகளுக்கு இடம் விட்டு, என் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.