மாமாவின் ராஜ வம்சத்தைத் தேடிப் போனது

எங்கள் மாமா கண்டி ராஜாவின் வாரிசு என்று இலங்கை மலையகத்தில் புசல்லாவைப் பக்கம் பலருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். "தாத்தா பேருக்குப் பின்னால நாயக்கர்னு இருக்கு மருமகனே, வேற என்ன வேணும்?" என்பார். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தால் இது உதவும்.

ராஜாவிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள், உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள். நாயக்கர் பட்டம் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கண்டி ராஜா நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது அவருடைய மதுரை ராணியின் சகோதரர் சிம்மாசனம் ஏறினாரே, அந்த ஒரு உறவு வட்டம்தான் கண்டி நாயக்கர். பட்டத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் பிறப்புச் சான்றிதழ். நம் நாட்டுச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் எழுத ஒரு பகுதி உண்டு; தகப்பன் இங்கே பிறக்காவிட்டால் பூட்டனாருக்கும் ஒன்று. மாமாவுடையதில் அந்த இடத்தில் வெறும் கோடு. அவர் அப்பாவுடையதை எடுக்கப் போனால், நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று கவுன்டரில் சொன்னார்கள், அப்புறம் பதிவுப் பிரிவும் உத்தேச வருடங்களும் எழுதிக் கொடுத்தபிறகுதான் பழைய புத்தகத்தைப் புரட்டினார்கள். கிடைத்ததெல்லாம் சிங்களக் கையெழுத்து. ஒரே தாத்தா ஒரு தாளில் ராமசாமி, இன்னொன்றில் ராமன், மூன்றாவதில்தான் ராமசாமி நாயக்கர். கலியாணப் பதிவு கிடையவே கிடையாது, தாலி கட்டியதோடு சரி.

உண்மையான புதையல் மாமாவின் தகரப் பெட்டியில் பழைய கூப்பன் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. 1948இல் மலையகத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கிவிட்டு, அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதில் பிரஜாவுரிமை கேட்டு அந்தத் தாத்தா போட்ட மனுவின் நகல். கலியாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் விடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்பதால், எந்தத் தோட்டம், யார் பெண்டாட்டி, யார் பிள்ளை எல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தார்கள். மடிப்பில் கிழிந்த இடத்தில் பொன்னிறமாகிப்போன ஒட்டுத்தாள், அதற்குக் கீழே சொந்த ஊர்: திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய மண்டபம் கேம்ப் வழியாகச் சிறுபிள்ளையாக வந்தவராம். நம்மை வெளியே தள்ள எழுதச் சொன்ன தாளே நம் வம்சத்துக்குச் சாட்சி, கோபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியை முதலில் கிளறுங்கள், ஆபீசுக்கு அப்புறம் போகலாம்.

இனி ராஜா பக்கம். 1815 மார்ச் 2இல் செய்த கண்டி ஒப்பந்தமே ராஜாவின் ஆண் உறவினர்கள் கண்டி மாகாணங்களுக்குள் இருக்கக் கூடாது என்று விரட்டிவிட்டது. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் கப்பலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் அவர் நினைவிடமான முத்து மண்டபம் இருக்கிறது. குடும்பத்துக்கு இலங்கை அரசு உதவிப்பணம் கொடுத்து வந்தது. பணம் கொடுக்கிறவன் யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதி வைக்காமல் கொடுப்பானா? ஆக வாரிசு என்று சொல்கிறவர் அந்த உதவிப்பணத் தாள்களில் போய் ஒட்ட வேண்டும், தோட்டத்து செக்ரோலில், அதாவது வேலையாள் பேரேட்டில், தேடிப் பலனில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அப்ப வேலூர்ல இருந்து முசிறிக்குப் போயிருக்கலாமே?" என்றார். போயிருக்கலாம் மாமா, அதற்கும் ஒரு தாள் வேணுமே என்றேன். இப்போது முசிறிக்கு ஆள் தெரியுமா என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்.