எடை குறைக்கும் குறுக்கு வழிகள்: தராசிலும் தடத்திலும்

மலைநடைப் பையின் எடையைக் குறைக்க ஆளுக்கொரு உத்தி சொல்கிறார்கள். கேட்டதை முதலில் சமையலறைத் தராசில் வைப்பேன், அங்கே தேறினால்தான் நடைக்கு எடுத்துப் போவேன்.

பல் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுக்கும் பிரபலமான யோசனை தராசிலேயே தோற்றது. மிச்சம் சில கிராம், அவ்வளவுதான். தேவையில்லாமல் சுமக்கும் அரை லிட்டர் தண்ணீரோ அரை கிலோ. அடுத்த ஓடை எங்கே என்று வரைபடத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வது எந்த ரம்பத்தையும் விட அதிகம் குறைக்கிறது.

அடுத்தது அடுப்பில்லாப் பயணம். சின்ன கேஸ் அடுப்பு, 100 கிராம் வாயு அடைத்த உருளை, பாத்திரம் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 400 கிராம். அதற்குப் பதில் ஓட்ஸையோ ரவை போன்ற கோதுமைக் குருணையான கஸ்கஸையோ மூடி இறுக்கமான டப்பாவில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு நடக்க வேண்டும். ஊறுகிறது, சாப்பிடவும் முடிகிறது. ஆனால் ஊறும் தண்ணீர் நம் முதுகில்தானே வருகிறது? 300 மில்லி ஊற்றினால் 300 கிராம். முகாமுக்கு வந்தபின் ஊறவைத்தால் அந்தச் சுமை இல்லை, பசியோடு காத்திருக்க வேண்டும். வெயில் காலத்துக்குச் சரி. குளிர் ராத்திரியில் சூடாக ஒரு வாய் இல்லாமல் படுப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

பாதி பாய் உத்திதான் அதிகம் யோசிக்க வைத்தது. ஃபோம் பாயைத் தோளிலிருந்து இடுப்பு வரை மட்டும் வெட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே காலிப் பையைப் போடுவது. பையின் முதுகுப் பக்கத்தை மேலே வைத்தால் பக்கிள் ஆடுசதையில் குத்துகிறது. திருப்பிப் போட்டு வார்களை அடியில் தள்ள வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. உள்ளே கம்பிச் சட்டம் இல்லாத லேசான பைக்கு விறைப்புக் கொடுப்பதே உள்ளே சுருட்டி வைக்கும் முழுப் பாய்தான். பாதியை வெட்டியதும் பை தொய்ந்து பாரமெல்லாம் தோளில் இறங்கியது. ஒரு உத்தி இன்னொன்றின் காலை வாரிவிடுகிறது!

ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே தூங்கி உடம்புச் சூட்டிலேயே காயவைக்கலாம், மாற்றுத் துணி வேண்டாம் என்பதும் அப்படித்தான். 100 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 58 கிலோ கலோரி வெப்பம் வேண்டும், அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்து போகும். ஆவியில் ஒரு பகுதி ஸ்லீப்பிங் பேக்கின் இறகுக்குள் தங்கினால் அது அமுங்கிப் போகும். காலுறை என்றால் சரி, சட்டை என்றால் வேண்டாம்.

இப்போது நடைக்கம்பை நட்டு அதன்மேல் கூடாரத்துக்குப் பதிலாகத் தார்ப் என்ற மழைவிரிப்பைக் கட்டிப் பழகுகிறேன். கூடாரக் கம்பியின் எடை முழுசாக மிச்சம். ஆனால் முகாம் போட்டபின் கம்போடு பக்கத்து உச்சிக்கு ஏறிவர நினைத்தால் வீடு படுத்துவிடும். மரத்துக்கு மரம் கயிறு கட்டலாம், மரம் இருக்கிற உயரம் வரை.