பரந்தனில் வலப்பக்கம்

காலை ஐந்தரைக்கு வவுனியாவில் ஸ்கூட்டியை எடுக்கும்போது அம்மா படலையடியில் நின்று மூன்றாம் தடவையாக, "அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போவன் பிள்ளை" என்றா. அண்ணாவும் வரத் தயார்தான். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த முல்லைத்தீவு றோட்டில் நான் தனியப் போனதே இல்லை.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எல்லாம் ஒரே ஓட்டம். முறிகண்டியில் இறங்கினேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கச்சான் விற்ற அம்மா கேட்டா: "தனியவோ பிள்ளை வந்தனீ? எங்க மட்டும்?"

"வட்டுவாகல் மட்டும் அம்மா."

அவ வேறொன்றும் கேட்கவில்லை. இன்னொரு கை கச்சான் அள்ளிப் போட்டா.

பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் ஏ35, முல்லைத்தீவு வீதி. ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். 2009இல், கடைசிச் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது, இதே தூரம் எங்களுக்கு ஜனவரி தொடங்கி மே வரை எடுத்தது. எனக்கு அப்போது 7 வயது.

முரசுமோட்டையில் எங்கள் வயல். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் சிறுபோக நெல் பச்சைப்பசேலென்று நின்றது. அங்கிருந்துதான் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் வீட்டுக் கதவு, ஓடு, நெல்மூட்டை, அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். தருமபுரத்தில் ஓடுகளை இறக்கினோம், விசுவமடுவில் நெல்லை. உடையார்கட்டில் தையல் மெஷினைத் தரப்பாளில் சுற்றி அப்பா ஒரு பாலை மரத்தடியில் தாட்டார். மரத்தை அடையாளம் வைத்திருந்தார். இப்போது அந்த மரமும் இல்லை, அப்பாவும் இல்லை.

அடுத்தது சுதந்திரபுரம். அந்த ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பகுதிக்குள் இந்த ஊரும் இருந்தது. அதை நம்பித்தான் சனம் அங்கே குவிந்தது. ஷெல் அங்கேயும் வந்தது. அங்கிருந்து தேவிபுரத்துக்கு வெளிக்கிட்ட இரவு என் புத்தகப்பை பெட்டியில் இருந்து விழுந்தது. பத்து யார் தூரம்கூட இராது. நான் கத்தி அழுதேன். அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் ட்ரக்டர், சைக்கிள், ஆடு மாடு, சனம். திருப்ப இடமில்லை. அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் ஒருநாளும் பின்பக்கம் போகவில்லை.

அதே ஊரில் நேற்று ஒரு பெடியன் பாலைப்பழம் விற்றுக்கொண்டு நின்றான். கவனிக்காமல் கடந்துவிட்டேன். இரண்டு கிலோமீற்றர் போன பிறகு பழத்தின் ஆசை வந்தது. ஸ்கூட்டியைத் திருப்பினேன். ஏன் திரும்புகிறாய் என்று கேட்க அங்கே ஆருமில்லை. வாங்கி, மதகில் குந்தி, பால் உதட்டில் ஒட்ட ஒட்ட அவ்வளவையும் தின்றேன். அழுகையும் வந்தது.

முள்ளிவாய்க்காலில் நின்று விளக்கேற்றினேன். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வராது.

வட்டுவாகல் பாலத்தில் ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். மே மாதம் இதைக் கடந்தபோது என் கையில் ஒரு வெறும் போத்தல் இருந்தது. பிறகு பஸ், பிறகு முட்கம்பி முகாம். டிசம்பர் வரை வாசலைத் தாண்ட விடவில்லை. நேற்று பாலத்தை நடந்து கடந்தேன், திரும்பி நடந்து வந்தேன், இன்னொருமுறையும் கடந்தேன். வலை வீசிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வவுனியாவுக்கு ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வந்திருக்கலாம். நான் வந்த வழியாலேயே திரும்பினேன். புதுக்குடியிருப்பு, சுதந்திரபுரம், உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம். ஊர்ப்பெயர்கள் மற்றப்பக்கமாக வருவதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே ஓடினேன்.

முரசுமோட்டையில் பொழுதுபட்டுவிட்டது. எங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்கிற மாமா வரம்பில் நின்றார்.

"மாமா, வாற காலபோகத்துக்கு ஒரு ஏக்கர் நான் செய்யலாமோ?"

என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார்.

"மேற்குப் பக்கத்துத் துண்டு பள்ளம், தண்ணி நிக்கும். கிழக்கால எடு பிள்ளை. ஆவணிக்கு முதல் வந்து வரம்பைக் கட்டு."