பவுண் கணக்கில் ஒரு படிப்பு

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியது என்பது காசு கட்டத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. 1945இல் இலங்கையின் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குப் போன என் தோழி பட்டம் முடிக்கும்வரை கற்பித்தல் கட்டணம் என்று ஒரு சதம் கட்டவில்லை. மகாபொலப் புலமைப்பரிசில் பணமும் கிடைத்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே வாங்கு, ஒரே ரியூசன், ஒரே கணக்கீட்டு ஆசிரியர். வெளியே நின்ற எனக்கு முதல் நாளிலிருந்தே கட்டணச் சீட்டு.

நான் எடுத்தது ஏசிசிஏ. இங்கிலாந்தின் கணக்காளர் தகைமை, மொத்தம் 13 பாடங்கள். இப்போது 9 முடித்திருக்கிறேன். ஊரில் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்களைவிட, "எப்படியக்கா கட்டினீங்கள்?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அதனால் அதையே எழுதுகிறேன்.

முதலில் எதற்கெல்லாம் கட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். சேரும்போது பதிவுக் கட்டணம். பிறகு ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் ஆண்டுச் சந்தா. அந்த வருடம் பரீட்சை எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது கட்டாயம். கட்டாமல் விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பச் சேர மறுபடி காசு. அதற்கு மேல் ஒவ்வொரு பாடத்துக்கும் பரீட்சைக் கட்டணம். எல்லாம் இங்கிலாந்துப் பவுணில். வகுப்புக் காசு மட்டும் ரூபாயில், கொழும்பு ஆசிரியருக்கு, சூம் வழியாக.

பரீட்சைக் கட்டணத்துக்கு மூன்று காலக்கெடு உண்டு: முன்கூட்டியது, வழமையானது, பிந்தியது. பிந்தியதில் கட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். இதை நான் வாசித்துத் தெரிந்துதான் வைத்திருந்தேன். தெரிந்தும் 2022இல் அடி விழுந்தது.

அந்த ஜூன் பரீட்சைக்கு இரண்டு பாடங்கள் எழுதுவதாக இருந்தேன். ஒன்று செயலாற்றுகை முகாமைத்துவம், மற்றது வரி. முன்கூட்டிக் கட்டும் நாள் பெப்ரவரியில். அப்போது ஒரு பவுண் 270 ரூபாயளவில் இருந்தது. இரண்டு பாடமும் எழுபதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டு வருமானம் அப்பாவின் வெங்காயத் தோட்டம். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியிருந்தது. உரம் இல்லாமல் அந்தப் போகம் குமிழ் பருக்கவேயில்லை. "சித்திரைக்குப் பாப்பம் பிள்ளை, வழமையான திகதிதான் இருக்கே" என்றார் அப்பா. அவர் சொன்னதில் பிழையே இல்லை. வித்தியாசம் சில பவுண்கள்தான் என்று நானும் நினைத்தேன்.

2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது. ஏப்ரல் கடைசியில் நான் கட்டப் போனபோது பவுண் 430 ரூபாயளவில் நின்றது. கட்டணம் சில பவுண்தான் கூட, பாடம் மாறவில்லை, நான் படித்ததும் மாறவில்லை. எழுபதாயிரம் மட்டும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ஆகிவிட்டது.

காசு இருந்தாலும் கட்ட முடியாத நிலை வேறு. வங்கி அட்டையைப் போட்டால் வெளிநாட்டுக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது என்று வந்தது. நாட்டில் டொலர் இல்லாத நாட்கள். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காலக்கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது லண்டனில் இருக்கும் சின்னம்மாவுக்கு அம்மா கோல் எடுத்தா. சின்னம்மா தன் அட்டையில் கட்டினா. ஆனால் சும்மா தந்ததாக இருக்கக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தா. இணுவிலில் இருக்கும் அம்மம்மாவுக்கு அந்த மாதம் கண்புரைச் சத்திரசிகிச்சை. அதற்குச் சின்னம்மா அனுப்ப இருந்த காசை நாங்கள் இங்கே ரூபாயில் கொடுப்பது என்று முடிவாயிற்று. இரு பக்கமும் கணக்குச் சரி. வெளிநாட்டில் சொந்தம் இல்லாத பிள்ளை அந்த வாரம் என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. என்னோடு சூமில் படித்த இரண்டு பேர் அந்த முறையோடு காணாமல் போனார்கள்.

அந்த ரூபாய்க்கு அம்மாவின் காப்பு போனது. அம்மா முதலில் அடைவு வைக்கத்தான் நினைத்தா, ஒருநாள் மீட்கலாம் என்ற ஆசை. நான் வேண்டாம் என்றேன். ஏப்ரல் 8ஆம் திகதிதான் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது; அடைவு வட்டியும் பின்னாலேயே ஏறியது. அடுத்த போகம் எப்படி என்றே தெரியாத வீட்டில் எந்தத் திகதியில் மீட்கப் போகிறோம்? மீட்கும் நாள் தெரிந்தால் அடைவு வையுங்கள். தெரியாவிட்டால் விற்பதுதான் மேல் என்பது என் எண்ணம். ரூபாய் விழுந்ததால் தங்கம் ஏறியிருந்தது, ஒரு பவுண் தங்கம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய நேரம். "உன்ரை படிப்புக்கெண்டுதானே பிள்ளை பவுண் வாங்கி வைச்சது. அது லண்டன் பவுணா மாறிப் போகுது, போகட்டும்" என்றா அம்மா. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஜூனில் ரயிலில் கொழும்பு போய், வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்கார வீட்டில் நின்று எழுதினேன். முகாமைத்துவம் சித்தி. வரியில் 47. சித்திக்கு 50 வேண்டும்.

மூன்று புள்ளி, ஐம்பதாயிரத்துக்கு மேல். ஒரு கிழமை அழுதேன். பிறகுதான் புத்தகக் கணக்கைப் பார்த்தேன். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். வரிப் பாடம் இங்கிலாந்தின் நிதிச் சட்டத்தை வைத்து நடப்பது. ஒரு ஜூனிலிருந்து அடுத்த மார்ச் வரைதான் ஒரு புத்தகம் செல்லும். டிசம்பரில் திரும்ப எழுதினால் கையிலிருக்கும் புத்தகமே போதும். அடுத்த ஜூனுக்குத் தள்ளினால் இறக்குமதிப் புத்தகம் புதிதாக வாங்க வேண்டும், அதுவும் ஏறிய விலையில். டிசம்பர் என்று முடிவெடுத்தேன்.

நிதி முகாமைத்துவம், செயலாற்றுகை முகாமைத்துவம் போன்ற பாடங்களுக்கு இப்படி இல்லை. இரண்டு மூன்று வருடப் பழைய பதிப்பே தாராளம். பாடத்திட்டத்தில் எது மாறியது என்று ஏசிசிஏ இணையத்தளத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் சரி. நிதி அறிக்கையிடலுக்கு மட்டும் கணக்கீட்டு நியமங்கள் மாறியதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். கோண்டாவிலில் முன்னே படித்த ஒரு அக்காவிடம் மூன்று புத்தகம் பாதி விலைக்குக் குறைவாக வாங்கினேன். கடந்தகால வினாத்தாள்கள் ஏசிசிஏ தளத்திலேயே இலவசம். ஓப்பன்ரியூசன் என்ற இணையத்தளத்தில் பாடக் குறிப்பும் விரிவுரையும் காசில்லாமல் கிடைக்கும். தமிழில் ஐந்தொகையும் பெறுமானத் தேய்வும் படித்து வந்த எனக்கு ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது பெரிய உதவி. வகுப்புக் காசு ஏறியதும் இரண்டு பாடங்களை வகுப்பே இல்லாமல் இதை வைத்துத்தான் படித்தேன்.

டிசம்பருக்கான முன்கூட்டிய திகதி ஆகஸ்டில். அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அப்பாவின் இறைப்பு மெசின் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒரு வேலைக்குப் போவது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். சம்பளம் சின்னது. ஆனால் தகைமை முழுமையாகக் கிடைக்க 36 மாத வேலை அனுபவமும் வேண்டும். அந்தக் கணக்கும் அன்றே ஓடத் தொடங்கியது. எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு வேலை தேடலாம் என்று காத்திருக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். முதல் சம்பளத்தில் வரிப் பாடத்துக்குக் கட்டினேன். டிசம்பரில் 61.

அதற்குப் பிறகு ஒரு முறைக்கு ஒரு பாடம்தான். மாதாமாதம் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கை எடுத்துவைத்து, முன்கூட்டிய திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே கட்டிவிடுவேன். 2023 மார்ச்சில் ரயில் இல்லை, அனுராதபுரம் – ஓமந்தைப் பாதை திருத்தத்துக்காக மூடியிருந்தது; இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கி, முகம் கழுவிக்கொண்டு எழுதினேன். அதுவும் சித்தி. 2023 முடிய ஒன்பது பாடமும் முடிந்தது.

இன்னும் நான்கு இருக்கிறது, அவற்றுக்குக் கட்டணம் இன்னும் கூட. போன ஞாயிறு உரும்பிராய்ச் சந்திப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி தகப்பனோடு வந்து புத்தகம் கேட்டாள். ஐந்து புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம், முடித்த பிறகு வேறொரு பிள்ளைக்குக் கொடு என்றேன். வரிப் புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது காலாவதியானது, அதை வைத்துப் படித்தால் பிழைக்கும் என்று சொல்லி, வாங்க வேண்டிய பதிப்பின் வருடத்தை அவள் கொப்பியில் எழுதிவிட்டேன்.