பத்துக்குள் ஒளிந்திருக்கும் பதினெட்டு

ஒரு லட்சம் கடன், 10 சதவீத ஃப்ளாட் வட்டி (அசல் குறையக் குறையவும் கடைசிவரை முழுக் கடனுக்கே போடும் வட்டி), 24 மாதத் தவணை. வட்டி 20,000, மொத்தம் 1,20,000, மாதம் 5,000. போன் கால்குலேட்டர் ஒரு பைசா பிசகாமல் போட்டுக் காட்டும். ஆனாலும் இது பத்து வட்டிக் கடன் இல்லை.

வட்டி என்பது கையில் நிற்கும் அசலுக்குத்தானே? முதல் மாதம் முழு லட்சமும் உங்களிடம் நிற்கிறது. கட்டக் கட்டக் கரைந்து, கடைசி மாதம் மிஞ்சுவது ஐயாயிரத்துக்கும் கீழே. ஆக, இரண்டு வருஷமும் சராசரியாகக் கையில் இருந்தது கிட்டத்தட்ட பாதி, ஐம்பதாயிரம். அதற்கு வருஷம் 10 சதவீதம் என்றால் மொத்தமே 10,000தான் வரணும். வாங்குவது 20,000. அப்படியானால் நிஜ வட்டி 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். இதற்குப் பேப்பர்கூட வேண்டாம்.

துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லில் ரேட் (RATE) ஃபார்முலா இருக்கிறது. தவணை எண்ணிக்கை 24, தவணைத் தொகை மைனஸ் 5000, கடன் 100000 என்று கொடுங்கள். மைனஸ் விட்டுப்போனால் விடைக்குப் பதில் எரர்தான் வரும். சரியாகக் கொடுத்தால் 1.513 சதவீதம். இங்கேதான் பலர் சறுக்குவது: அது மாத வட்டி. 12-ஆல் பெருக்கினால் 18.16. மனசில் 20 என்ற உத்தேசம் இருப்பவருக்கு 1.513-ஐப் பார்த்ததுமே உறுத்தும். இல்லாதவர் 'அட, ஒன்றரைதானா' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

(20 எப்படி 18 ஆனது? ஆரம்பத் தவணைகளில் வட்டியே அதிகம் போவதால் அசல் மெதுவாகக் கரைகிறது. நிஜ சராசரி ஐம்பது இல்லை, 55,000 பக்கம்.)

உண்மையிலேயே குறையும் அசலுக்கு 10 சதவீதம் என்றால் மாதத் தவணை 4,614, மொத்த வட்டி சுமார் 10,750. பாதிதான்.

பிராசஸிங் ஃபீஸ் என்று 2,000 பிடித்துக்கொண்டு 98,000 கொடுத்தால்? தவணை அதே 5,000. ஃபார்முலாவில் 100000 இருந்த இடத்தில் 98000 போடணும், வட்டி 20.25-க்கு ஏறிவிடும். எந்த எண்ணைப் போடுவது என்று கால்குலேட்டர் கேட்காது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாள் தரணும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த வருஷ வட்டி அது. மேலே உள்ள கடனுக்கு அந்த வரியில் 10 என்று இருந்தால், கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்.