101 பூல் ரம்மிப் போட்டி: ஸ்கூட் கணக்கு தெரியாமல் உட்காராதீர்கள்

நாங்கள் ஆடியது மேசைக்கு ஆறு பேர் அமரும் 101 பூல் போட்டி. முடிவு வந்த சூடு ஆறுவதற்குள், அடுத்த முறை ஆடப்போகிறவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். இறுதி மேசையில் எனக்கு இரண்டாமிடம் கிடைத்தது. “சீட்டு விழுந்தது, வந்துவிட்டார்” என்று பின்னால் நின்றவர்கள் பேசியதும் காதில் விழுந்தது. உண்மையில் எனக்கு நல்ல கை அமைந்தது அரிது. ஆடாமல் விட்ட கைகளே என்னைக் கரைசேர்த்தன.

ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாமல் ஒரே இனத்தில் சேரும் வரிசை), டூப்ளிகேட் (ஜோக்கர் வைத்துச் சேர்த்த வரிசை), செட் (வெவ்வேறு இனத்தில் ஒரே எண்) எல்லாம் ஆடுபவர்களுக்குத் தெரியும் என்பதால் நேரே கணக்குக்கு வருகிறேன். ஸ்கூட் என்பது வந்த கையை ஆடாமல் கீழே வைத்துவிடுவது. முதல் சீட்டை எடுக்கும் முன் ஸ்கூட் விட்டால் 20 தோல்விப் புள்ளி, எடுத்த பின் விட்டால் 40, ஒரு கையில் அதிகபட்சமாக விழும் ஃபுல் கவுண்ட் 80. 101ஐத் தொட்டவர்தான் வெளியேறுகிறார் என்பதால், ஐந்து முறை ஸ்கூட் விட்டு 100இல் நிற்பவர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார். இதிலிருந்து மனப்பாடமாக இருக்கவேண்டிய எண்கள் மூன்று: 40, 60, 80. 60இல் இருப்பவருக்கு இரண்டு ஸ்கூட் மீதம்; 61 ஆகிவிட்டால் ஒன்றுதான். 80க்கு ஒன்று உண்டு; 81க்கு எதுவுமில்லை, எந்தக் கை வந்தாலும் கம்பல்சரியாக ஆடியே ஆகவேண்டும்.

இந்த ஒற்றைப் புள்ளியின் விலையை இறுதி மேசையில் கண்ணெதிரே பார்த்தேன். நான் மூன்று ஸ்கூட் விட்டு 60இல் இருந்தேன். எனக்கு அடுத்து அமர்ந்திருந்தவர் இரண்டு ஸ்கூட்டுடன் 22 புள்ளிக்கு ஒரு கையை இழந்து 62இல் இருந்தார். அந்த 22 என்பது ஸ்பேட் ராணி, ஸ்பேட் ராஜா (படச்சீட்டுக்குத் தலா 10), ஓர் உதிரி 2. ஜாக்கி (J) வரும் என்று கடைசிவரை பிடித்திருந்தார். ராஜாவை இறக்கிவிட்டுக் கையில் வந்த 5ஐ வைத்திருந்தால் 17தான் விழுந்திருக்கும். 57இல் நின்றிருப்பார், இரண்டு ஸ்கூட் கைவசம் இருந்திருக்கும். அடுத்த இரண்டு கைகளும் எங்கள் இருவருக்குமே மோசமாக வந்தன. நான் இரண்டையும் விட்டு 100க்குப் போனேன். அவர் ஒன்றை விட்டு 82 ஆனார்; இரண்டாவது கையைக் கம்பல்சரியாக ஆடி, ஒரிஜினல் சேராமலே ஃபுல் வாங்கி எழுந்தார்.

நான் கடைப்பிடித்த வரையறைகள்:

ஒரிஜினலும் இல்லை, ஜோக்கரும் ஒன்றுக்கு மேல் இல்லை என்றால் ஸ்கூட். 5, 6 ஒரு ஜோடி, 8, 9 ஒரு ஜோடி என்று கை பார்க்க அழகாக இருந்தாலும் அதே முடிவுதான்.

முடிவை முதல் சீட்டைத் தொடும் முன்னரே எடுக்கவேண்டும். ஒன்று எடுத்துப் பார்ப்போமே என்பது, அதன் பிறகு விட நேர்ந்தால், கூடுதலாக ஒரு முழு ஸ்கூட்டைத் தின்றுவிடும்.

ஒரிஜினல் சேரும்வரை எல்லாச் சீட்டும் எண்ணப்படும் என்பதால், ஜோடி சேராத படச்சீட்டுகளை முதலில் இறக்குங்கள்.

அடுத்து ஆடுபவர் எந்தச் சீட்டை எடுத்தார் என்பதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ஆறு பேர் மேசையில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கட்டும் இரண்டு ஜோக்கருமாகச் சேர்ந்தால் 106 சீட்டுகள். ஆளுக்கு 13 வீதம் 78 கைகளுக்குப் போய்விடும். வெட்டு ஜோக்கரும் (ஜோக்கராக வெட்டி எடுக்கும் சீட்டு) மேசையில் முகம் தெரியத் திறந்து வைக்கும் சீட்டும் போக மிஞ்சுவது 26. யாரும் திறந்த சீட்டை எடுக்காமல் எல்லோரும் கட்டிலிருந்தே எடுத்தால், நான்கு சுற்றுக்குச் சற்று மேல் கட்டு தீர்ந்துவிடும். இரண்டு பேர் ஆட்டத்தில் காத்திருந்து கையை வளர்க்கும் பழக்கம் இங்கே எடுபடாது. அதற்குள் மற்ற ஐந்து பேரில் ஒருவர் கையை முடித்து ஷோ வைத்துவிடுவார்.

1968இல் இந்திய உச்ச நீதிமன்றம், ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தால் நடக்கும் ஆட்டம் அன்று, விழும் சீட்டுகளை நினைவில் கொள்வதற்கும் எதைப் பிடிப்பது, எதை இறக்குவது என்று முடிவெடுப்பதற்கும் திறமை தேவை என்று கூறியது. கையையே கீழே வைத்துவிடும் திறமையையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் இருவர் மட்டும் மிஞ்சியபோது நான் 100இல் இருந்தேன், எதிரில் இருந்தவர் 41இல். அவருக்கு இரண்டு ஸ்கூட் மிச்சம். எனக்கோ ஒவ்வொரு கையையும் வென்றே ஆகவேண்டிய நிலை. சில கைகள் தாக்குப்பிடித்தேன், பிறகு முடிந்தது. ஆகவே துணிந்து ஆடுவதே இயல்பு என்பவர்கள், தொடக்கத்திலேயே, ஐந்து ஸ்கூட்டும் கைவசம் இருக்கும்போது அந்தத் துணிச்சலைச் செலவிடுங்கள்; ஆனால் எந்தக் கையில் தோற்றாலும் 60ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 201 பூலில் ஆடுபவர்களுக்கு ஸ்கூட் 25, நடுவில் விட்டால் 50. அங்கே எட்டு ஸ்கூட் வரை தாங்கும், கவனிக்கவேண்டிய எண்கள் 125, 150, 175.